கோயில் பீரோவில் கிடக்கும் ஐடி நகல்கள்: டர்பன் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெர்பேங்க், வெருலம், டொங்காட் வட்டாரக் கோயில் கமிட்டிகளுக்கும், தமிழ்ச் சங்கங்களுக்கும், மூத்தோர் மன்றங்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் இரண்டு காரியம் கேட்டு இதை எழுதுகிறேன். ஒன்று, உங்கள் பீரோக்களில் அடுக்கி வைத்திருக்கும் உறுப்பினர்களின் ஐடி (அடையாள அட்டை) நகல்களை வெளியே எடுத்துப் பாருங்கள், தேவையில்லாததை அழித்துவிடுங்கள். இரண்டு, தங்கள் பெயரில் வேறு யாரோ கடன் வாங்கிவிட்டதால் தவிக்கும் நம் ஆட்களுக்காக மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோயில் ஹாலில் ஒரு மேசை போடுங்கள். இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று நம் ஆட்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கோ எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை.

நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு, இந்தச் சாட்ஸ்வர்த்துக்கு, வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஓர் அட்டர்னி (வழக்கறிஞர்) ஆபிஸில் நெடுங்காலம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். கடன் வழக்கு, சம்மன், அஃபிடவிட் (சத்தியம் செய்து தரும் வாக்குமூலம்) எல்லாம் என் மேசை வழியாகத்தான் போயின. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் ஆயாக்களும் தாத்தாக்களும் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டுவது வழக்கமாகிவிட்டது. வாங்காத செல்போனுக்குப் பாக்கி, திறக்காத துணிக்கடைக் கணக்குக்குப் பாக்கி என்று எல்லாம் ஒரே மாதிரிக் கடிதங்கள். (கமிட்டிக்காரர்களில் பலர் தமிழ் படிப்பதில்லை என்பது தெரியும். செயலாளர்களுக்கு ஆங்கிலப் பிரதி தனியாக வரும். குருக்கள்மாரும் ஆசிரியர்களும் இதையே படிக்கலாம்.)

என் வீட்டுக்காரரின் சின்னம்மா கதையைச் சொன்னால் மற்றது புரியும். விதவை, அரசு தரும் முதியோர் உதவித்தொகையான கிரான்டில் வாழ்பவர். ஜோஹானஸ்பர்க் பக்கம் கால் வைத்ததே இல்லை. அங்கே ஒரு விலாசத்தில் அவர் பெயரில் ஒரு செல்போன் ஒப்பந்தமும் ஒரு கடைக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தன. கடன் வசூலிப்பவர்கள் போனில் மிரட்டியபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. அக்கம்பக்கம் தெரிந்தால் அவமானம் என்று கிரான்ட் பணத்திலிருந்து சில மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியும் இருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தபின் கடையைக் கேட்டோம். போலீஸ் கேஸ் நம்பர் கொண்டு வா என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில், கடையிலிருந்து கடிதம் கொண்டு வா, அப்புறம் கேஸ் போடலாம் என்றார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவரை டாக்ஸியில் இங்கும் அங்குமாக அலையவிட்டது இந்த ஒரு காகிதச் சண்டைதான். கூட யாராவது போயிருந்தால் அது அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். நான் மேசை கேட்பது அந்தக் கூடப் போகும் ஆளுக்காகத்தான்.

அவருடைய எண் எப்படி வெளியே போனது? தெரியாது, தெரியப்போவதும் இல்லை. வீட்டில் எல்லாரும் அவரைத்தான் குடைந்தார்கள், "யாரிடம் கொடுத்தீர்கள், எங்கே கையெழுத்துப் போட்டீர்கள்" என்று. பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் இந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். 2017 அக்டோபரில் இந்த நாட்டின் 6 கோடிக்கும் மேற்பட்ட அடையாள எண்கள், இறந்தவர்களுடையவையும் சேர்த்து, இணையத்தில் பூட்டில்லாமல் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் வாடிக்கையாளர் ஒருவரின் பிரதிநிதி போல நடித்த ஓர் ஆளிடம் எக்ஸ்பீரியன் கடன் தகவல் நிறுவனம் விவரங்களைக் கொடுத்துவிட்டது. அதில் 2 கோடியே 40 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று வங்கிகளின் குற்றத்தடுப்பு மையமான சாப்ரிக் சொன்னது. 2022 மார்ச்சில் இன்னொரு கடன் தகவல் நிறுவனமான டிரான்ஸ்யூனியனின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்து பணம் கேட்டார்கள். நம் கடன் விவரத்தைக் காவல் காக்க வேண்டிய இடங்களின் கதியே இது. இதில் சின்னம்மாவை என்ன கேட்பது?

அதோடு அந்த 13 இலக்க எண் பெரிய ரகசியமும் இல்லை. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த நாலு இலக்கம் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து 5000-க்கு மேலோ கீழோ இருக்கும். அதற்கடுத்தது குடியுரிமை, கடைசி இலக்கம் சரிபார்ப்பு. ஒரு காலத்தில் இனத்தைக் காட்டும் இலக்கமும் அதில் இருந்தது. அறுபதாம் கல்யாணப் படத்தை நாள் நட்சத்திரத்தோடு பேஸ்புக்கில் போடும்போது பாதி எண்ணை நாமே சொல்லிவிடுகிறோம். பிறந்தநாள் அர்ச்சனைப் பட்டியலை முழுப் பெயரோடும் தேதியோடும் வாட்ஸ்அப் குழுவில் போடும் கோயில்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கடன் வாங்கிவிட முடியாது. படத்தோடு ஐடி நகல், விலாசத்துக்கு ஒரு மின்சார பில், வங்கி ஸ்டேட்மென்ட், இவையெல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும். அந்தக் கட்டு எங்கே இருக்கிறது? நம் பீரோக்களில். 2020 ஊரடங்கில் உணவுப் பொட்டலத்துக்காக ஐடி நகல் வாங்கினோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடு போனவர்களிடம் நிவாரணத்துக்காக வாங்கினோம். இந்திய யாத்திரைக்கு, ஈமச்சடங்கு நிதிக்கு, தீபாவளி ஹாம்பருக்கு (பரிசுக்கூடைக்கு), இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பம் எழுதித் தருவதற்கு என்று வாங்கிக்கொண்டே இருக்கிறோம். ஓசிஐ கட்டு எல்லாவற்றிலும் மோசம். கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்தக்கூலி எண்ணில் தொடங்கி மூன்று நான்கு தலைமுறைப் பிறப்பு, திருமணச் சான்றிதழ் வரை ஒரே கோப்பில் இருக்கும். திருடனுக்கு அதைவிட வசதியான கோப்பு கிடைக்காது. வேலை முடிந்த பிறகு அந்தக் கோப்பைத் திருப்பிக் கொடுத்த கமிட்டியை நான் பார்த்ததில்லை.

இது வெறும் நல்லெண்ண வேண்டுகோள் இல்லை. பொப்பியா என்று சொல்கிறோமே, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அது 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. கோயில், சங்கம் என்று அதற்கு விலக்கு கிடையாது. எதற்காக வாங்கினோமோ அந்தக் காரியம் முடிந்தபின் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வைத்திருக்கும்வரை பத்திரமாக வைக்க வேண்டும். களவு போனால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்ட உறுப்பினர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். உச்ச அபராதம் 1 கோடி ராண்ட். தகவல் அதிகாரி என்ற பொறுப்பு யார் தலையில் விழும் என்று நினைக்கிறீர்கள்? வேறு யாரையும் நியமிக்காவிட்டால் அமைப்பின் தலைவர்தான். தலைவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது எனக்குச் சந்தேகம்.

ஆகவே இனி நகல் வாங்கவே வேண்டாம். பல காரியங்களுக்கு ஐடியைக் கண்ணால் பார்த்து "பார்த்தேன்" என்று நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், படத்தின் குறுக்கே "2025 யாத்திரைக்கு மட்டும்" என்பது போலப் பேனாவால் எழுதி வாங்குங்கள். பொருளாளரின் செல்போனில் படமாக இருப்பதையும் மறக்க வேண்டாம். அவர் போனை மாற்றும்போது பழையது பேரனிடமோ செகண்ட்ஹேண்ட் கடைக்கோ போகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்திருக்கும் குருக்கள்மாரின் பாஸ்போர்ட் நகல்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டியவை. அவர்கள் பெயரில் ஏதாவது நடந்தால் இங்கே அவர்களுக்கு முறையிடச் சொந்தக்காரர்கூட இல்லை.

சரி, மேசைக்கு வருவோம். அங்கே உட்காருபவர் என்ன செய்ய வேண்டும்?

முதல் கேள்வி, பணம் இப்போதே போய்க்கொண்டிருக்கிறதா என்பது. போன் திடீரென்று சிக்னல் இழந்து, வங்கியிலிருந்து அறிவிப்பு எதுவும் வராமல் போனால் சிம் ஸ்வாப், அதாவது நம் நம்பரைத் திருடன் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டது, என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது போலீஸுக்கு முன்னால் வங்கியின் மோசடிப் பிரிவு, உடனே அடுத்து செல்போன் கம்பெனி. கணக்கை நிறுத்திவிட்டு மற்றதைப் பார்க்கலாம். நம் கணக்கிலிருந்து ஒரு கம்பெனி பணம் எடுக்கச் சம்மதம் கேட்கும் டெபிசெக் என்று வங்கியிலிருந்து செய்தி வந்து "ஒப்புக்கொள்கிறீர்களா" என்று கேட்டால், தெரியாத கம்பெனியாக இருக்கும்பட்சத்தில் மறுக்க வேண்டும். நம் ஆட்கள் தொல்லை விட்டால் சரி என்று ஆம் என்று அழுத்திவிடுகிறார்கள். அது டெபிட் ஆர்டருக்கு, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு, நாமே கொடுக்கும் சம்மதம்.

பழைய கடன்தான், பணம் இப்போது போகவில்லை என்றால் பதற வேண்டாம். வசூல்காரர் போனில் கூப்பிட்டு "உங்கள் ஐடி எண்ணைச் சொல்லுங்கள்" என்பார். சொல்லக் கூடாது. அவரிடம் இருக்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை அவர் சொல்லட்டும். நம்மிடையே ஒரே இனிஷியலில் எத்தனை நாயுடு, எத்தனை கோவெண்டர், எத்தனை பிள்ளை! பல தடவை இது திருட்டே இல்லை, ஆள் மாறாட்டம். எண் பொருந்தவில்லை என்றால் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டால் அதோடு முடிந்தது.

எண் பொருந்துகிறது, கடன் நம்முடையது இல்லை என்றால் ஒரு ராண்ட் கூடக் கட்டக் கூடாது. "நல்லெண்ணத்துக்கு ஐம்பது ராண்ட் கட்டுங்கள், பெயரை எடுத்துவிடுகிறோம்" என்பார்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடலாம். பழைய கடன்களுக்குக் காலாவதி என்று ஒன்று உண்டு, சாதாரணக் கடனுக்கு மூன்று ஆண்டு. ஒப்புக்கொண்டால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். சின்னம்மா கட்டிய பணத்தால் எங்களுக்கு வந்த தலைவலி இதுதான்.

அப்புறம் அஃபிடவிட். எல்லாக் கதவுக்கும் சாவி இது, இதைத்தான் நம் ஆட்கள் கவனிக்காமல் கோட்டைவிடுகிறார்கள். ஸ்டேஷன் கவுன்டரில் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல அவர்கள் இரண்டு வரியில் எழுதுவார்கள், இவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். "என் ஐடி திருடு போய்விட்டது" என்று அதில் இருக்கும். ஐடி புத்தகமோ வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கும். பிறகு கடை வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்வார். ஆகவே வீட்டிலேயே, நம் மேசையிலேயே, எழுதிக்கொண்டு போவது நல்லது. பெயர், எண், கடந்த சில ஆண்டுகளாக இருந்த விலாசங்கள், அதற்குச் சான்று. எந்தத் தேதியில், எப்படித் தெரியவந்தது. ஐடி இப்போது யார் கையில் இருக்கிறது. ஒவ்வொரு கணக்கையும் பெயர் சொல்லி, "இதற்கு நான் விண்ணப்பிக்கவில்லை, பொருள் எதையும் பெறவில்லை, எனக்காகச் செய்ய யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை" என்று தனித்தனியே எழுத வேண்டும். யார் செய்திருப்பார்கள் என்ற ஊகம் வேண்டாம். சத்தியம் செய்து கையெழுத்திடப் போலீஸ் ஸ்டேஷனில் காசு கிடையாது. அட்டர்னிகளும் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ்தான், அதாவது சத்தியம் செய்வித்துக் கையெழுத்து வாங்கும் அதிகாரம் உள்ளவர்கள். ஒவ்வொரு கோயிலின் உறுப்பினர் பட்டியலிலும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒருவரை வந்து உட்காரச் சொல்லக் கமிட்டியால் முடியாதா?

இந்த இடத்தில் யாரும் பேச விரும்பாத ஒரு விஷயம் உண்டு. செய்தது வீட்டு ஆளாகவே இருப்பதும் உண்டு. அண்ணன் மகன், மருமகன், கூடவே இருந்து கிரான்ட் எடுத்துத் தரும் பேரன். ஆயாவுக்கு அது நன்றாகத் தெரியும், ஆனால் சொல்லமாட்டார். தெரிந்துகொண்டே "யாரென்று தெரியாது" என்று சத்தியம் செய்தால் அது பொய்ச் சத்தியம், தனிக் குற்றம். கமிட்டிப் பெரியவர்கள் இம்மாதிரி வீடுகளுக்குப் போய் "குடும்ப விஷயம், வெளியே போகவேண்டாம்" என்று சமாதானம் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சமாதானத்தில் பேரன் தப்பித்துக்கொள்கிறான், கடன் ஆயா பெயரில் நிற்கிறது. புகார் கொடுப்பதா, அந்த ஆளையே கட்டவைப்பதா என்பதை அந்த முதியவரே தனியாக உட்கார்ந்து, வீட்டு ஆள் பக்கத்தில் இல்லாமல், முடிவு செய்யட்டும். மேசையைக் கோயிலில் போடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். "கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அஃபிடவிட்டோடு ஸ்டேஷனில் மோசடி என்று கேஸ் போட்டு, கேஸ் நம்பர் வாங்க வேண்டும். குற்றம் ஜோஹானஸ்பர்க்கில் நடந்தது, அங்கே போ என்று சொன்னால் நம்பி வெளியே வந்துவிடக் கூடாது. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், அவர்கள்தான் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். கடைக் கடிதம் வந்தால்தான் கேஸ் என்பதும் சரியில்லை. கவுன்டரில் மறுத்தால் ஸ்டேஷன் கமாண்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் பேனா தானாக வெளியே வரும்.

நம்பர் கையில் வந்ததும் சதர்ன் ஆப்பிரிக்கன் ஃபிராட் பிரிவென்ஷன் சர்வீஸ். இப்படி ஒன்று இருப்பதே நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. வங்கிகளும் கடன் கொடுக்கும் கம்பெனிகளும் உறுப்பினராக உள்ள, லாப நோக்கம் இல்லாத அமைப்பு. ஐடி தொலைந்தாலோ நகல் வெளியே போய்விட்டது என்ற பயம் இருந்தாலோ, பாதுகாப்புப் பதிவு என்று இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். அதன்பின் நம் எண்ணில் யாராவது கடன் கேட்டால் உறுப்பினர்களுக்கு எச்சரிக்கை தெரியும், இன்னும் ஆழமாகச் சரிபார்ப்பார்கள். நாமே உண்மையாகக் கடன் கேட்டாலும் கொஞ்சம் தாமதமாகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மோசடி நடந்தேவிட்டது என்றால் பாதிக்கப்பட்டவர் என்ற பதிவு தனியாக உண்டு.

கடன் அறிக்கை வாங்குவது அடுத்தது. டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் என்று பல கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது, அதனால் எல்லாவற்றிலும் வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அறிக்கையில் கணக்குகளை மட்டும் பார்த்தால் போதாது. "விசாரணைகள்" என்ற பகுதியில், யார் யார் எப்போது நம் பெயரைத் தேடினார்கள் என்று இருக்கும். கடன் கிடைக்காமல் போன முயற்சிகள்கூட அங்கே தெரியும். விலாசங்களையும் பாருங்கள். நாம் இல்லாத ஊர் ஒன்று அங்கே இருந்தால் திருடன் பொருளை வாங்கிக்கொண்ட இடம் அதுவாக இருக்கலாம்.

தவறான பதிவு ஒவ்வொன்றையும் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் மறுக்க வேண்டும். 2005-இன் தேசியக் கடன் சட்டம் இங்கே நமக்கு நல்ல ஆயுதம். மறுத்துவிட்டால் ஆதாரத்தைத் தேடும் பொறுப்பு அவர்களுடையது. 20 வேலை நாளுக்குள் விசாரித்து, நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தால் அதன் நகலை நமக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பதிவை நீக்க வேண்டும். கட்டணம் கிடையாது. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "கடன் வரலாற்றைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று விளம்பரம் செய்து, பயந்துபோன ஆட்களிடம் ஆயிரக்கணக்கில் கறப்பவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். இலவசமாக எழுத வேண்டிய ஒரு கடிதத்துக்குத்தான் அந்தக் காசு.

கடன் கொடுத்த கடைக்கும் அதே நாளில் ஒரு கடிதம் போகட்டும். விண்ணப்பத்தின் நகல், அதோடு கொடுத்த ஐடி நகல், விலாசச் சான்று, போனில் எடுத்த ஒப்பந்தமாக இருந்தால் குரல் பதிவு, பொருள் போய்ச் சேர்ந்த விலாசம், எல்லாவற்றையும் கேட்க வேண்டும். சின்னம்மா விஷயத்தில் வழக்கை முடித்தது இந்தக் கடிதம்தான். விண்ணப்பத்தோடு இருந்த ஐடி நகலில் எண் அவருடையது, படத்தில் இருந்தது முப்பது வயதுப் பெண். இதைப் பார்க்காமலா கடன் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினோம். அதற்குப் பதில் வரவில்லை, கணக்கு மட்டும் மூடப்பட்டது.

கடையோ கடன் தகவல் நிறுவனமோ அசையவில்லை என்றால் மேலே போகலாம். வங்கி, கடன், காப்பீடு பற்றிய நான்கு குறைதீர்ப்பு அமைப்புகள் 2024 மார்ச் 1 முதல் நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்புட் என்று ஒன்றாகிவிட்டன. பழைய கிரெடிட் ஓம்புட் பெயரைத் தேடி அலைய வேண்டாம். இதுவும் இலவசம்.

ஷெரிப் (கோர்ட் அதிகாரி) சம்மன் கொண்டுவந்தால் மட்டும் நேரம் கிடையாது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட் சம்மன் என்றால் வழக்காடப் போகிறேன் என்ற அறிவிப்பைப் பத்து வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். "நாம வாங்கலையே, நமக்கென்ன" என்று அலமாரியில் வைத்தால் எதிர்ப்பில்லாமல் தீர்ப்பாகிவிடும். தீர்ப்பாகிவிட்டாலும் அதைத் தள்ளுபடி செய்யக் கேட்க வழி உண்டு, ஆனால் தெரியவந்ததிலிருந்து 20 வேலை நாளுக்குள் ஓட வேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் இருக்கிறது, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. மேசையில் இருப்பவர் சம்மனைக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை முதலில் எடுக்க வேண்டும்.

ஐடி கொடுக்கும் அரசுத் துறையான ஹோம் அஃபேர்ஸ் பற்றிக் கொஞ்சம். புது ஐடி எடுத்தால் எண் மாறும் என்று பலர் நம்புகிறார்கள். மாறாது, அட்டைதான் புதிது. ஆனாலும் பழைய பச்சை ஐடி புத்தகத்தை விட்டு ஸ்மார்ட் அட்டைக்கு மாறுவது நல்லது. பச்சைப் புத்தகத்தில் படத்தை மாற்றி ஒட்டுவது சுலபம். ஊருக்குள் சில வங்கிக் கிளைகளிலேயே விண்ணப்பிக்கலாம். இன்னும் ஐடியைக் கழுத்துச் சங்கிலிபோலக் கைப்பையில் சுமக்கும் ஆயாக்களை மேசைக்காரர் முதலில் பிடிக்கட்டும்.

அங்கேயே திருமண நிலையையும் பார்த்துவிட வேண்டும். தெரியாத ஆளுக்குத் தன்னைக் கல்யாணம் செய்து பதிந்திருப்பதைப் பின்னால் கண்டுபிடித்த பெண்கள் இந்த நாட்டில் ஏராளம். ஹோம் அஃபேர்ஸ் இதற்கென்றே தனியாகச் சரிபார்க்கும் ஏற்பாடு வைக்கவேண்டி வந்தது. நம்மில் பழைய தம்பதிகள் பலர் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை. நியமனம் பெற்ற மேரேஜ் ஆபிசர் பதியாத இந்து முறைக் கல்யாணம் அரசுப் பதிவேட்டில் ஏறாது. ஐம்பது வருடம் குடும்பம் நடத்திய ஆயா அந்தக் கணினியில் கன்னிப்பெண். யாரும் அவரை யாருக்கும் கட்டிவைக்கலாம். பேரனுக்குப் பென்ஷன் எழுதிவைக்கப் போகும்போதோ, தாத்தா இறந்தபின் வீட்டை மாற்றும்போதோதான் இது வெளியே வரும். மேரேஜ் ஆபிசராக இருக்கும் குருக்கள் தம் பதிவுப் புத்தகங்களையும் சாட்சிகளின் ஐடி நகல்களையும் எங்கே வைத்திருக்கிறார் என்று கமிட்டி ஒருமுறை கேட்க வேண்டும்.

ஒரே எண்ணை இரண்டு பேர் வைத்திருப்பதாகச் சொல்லி ஐடியையே முடக்கிவிடுவதும் உண்டு. அப்படி ஆனால் பென்ஷன், வங்கி எல்லாம் நின்றுபோகும். முறையான விசாரணை இல்லாமல் இப்படி முடக்குவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2024 ஜனவரியில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாருக்காவது இது நடந்தால் அந்தத் தீர்ப்பைச் சொல்லி எழுத்தில் காரணம் கேளுங்கள்.

இளைஞர்களுக்கு இதெல்லாம் வராது என்று நினைக்க வேண்டாம். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் இருவர் 2024-ல் விசாரித்துப் பார்த்தபோது, தாங்கள் ஒருபோதும் கேட்காத எஸ்ஆர்டி கிரான்டுக்கு (வருமானம் இல்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு) தங்கள் பெயரில் விண்ணப்பம் இருப்பதைச் சக மாணவர்கள் பலர் கண்டார்கள். பதினெட்டு வயதாகும் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் இருந்தால் நான் அவர்களையும் மேசைக்கு அனுப்புவேன். கைம்மாறாக அவர்கள் தாத்தாக்களுக்காகக் கடன் அறிக்கையை இணையத்தில் எடுத்துக் கொடுக்கட்டும்.

மேசைக்கு என்ன வேண்டும்? ஒரு பிரிண்டர், இணையம், கமிஷனர் ஒருவர், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போக வண்டி உள்ள ஒரு தொண்டர். ஒவ்வொருவருக்கும் ஓர் உறை. உள்ளே அஃபிடவிட், கேஸ் நம்பர், யாரிடம் எந்தத் தேதியில் பேசினோம் என்று எழுதும் ஒரு தாள். அந்த உறை வந்தவருடைய கையிலேயே திரும்பிப் போக வேண்டும். அதையும் நாமே வைத்துக்கொண்டு இன்னொரு பீரோவை நிரப்பக் கூடாது.

புரட்டாசி தொடங்கிவிட்டால் சனிக்கிழமைகளில் ஹால் கிடைக்காது, உங்களுக்கும் நேரம் இருக்காது. ஆகவே அதற்கு முந்தைய கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோயிலால் முடியாவிட்டால் பக்கத்துப் பக்கத்துக் கோயில்கள் மாதம் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன், எங்கள் பழைய ஆபிஸிலிருந்து அட்டர்னி ஒருவரும் வரச் சம்மதித்திருக்கிறார். எந்தச் சனிக்கிழமை, ஹால் சாவி யாரிடம் இருக்கும் என்று செயலாளர்கள் தமிழ் வகுப்புக்குச் சொல்லியனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வர்த்